மரச்செருப்பிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: நான் கல்லூரியில் பிரெஞ்சு கற்பிக்கிறேன், அவ்வப்போது மேடையிலும் நடிக்கிறேன். 18ஆம் நூற்றாண்டில் பாரிஸில் வாழ்ந்த நடிகையும் ஓபரா நாடகாசிரியருமான ஜுஸ்தீன் ஃபவாரின் வாழ்க்கையை ஐம்பது நிமிட ஓராள் நாடகமாக எழுதி வருகிறேன். மூன்று இடங்களில் முட்டி நிற்கிறேன். அவர் பெயரில் அச்சான நாடகங்களைக் கணவர்தான் எழுதினார் என்கிறார்கள் சிலர். ஒரு பாதிரியார் எழுதினார் என்கிறார்கள் வேறு சிலர். அவரை எழுத்தாளர் என்று நான் மேடையில் சொல்லலாமா? அடுத்தது, தளபதி மொரிஸ் த சாக்ஸ் அவரை விரட்டிச் சிறைவைத்த கதையே என் பிரதியில் முக்கால் பங்கு. அதில்தான் விறுவிறுப்பு இருக்கிறது என்கிறார்கள் நண்பர்கள், எனக்கு உறுத்துகிறது. கடைசியாக, எங்கே முடிப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய பன்னிரண்டு பக்கங்களையும் இரண்டு முறை படித்தேன். உங்கள் உறுத்தல் சரி. நண்பர்கள் சொல்வது தவறு.

ஏன் என்று சொல்கிறேன். பென்சிலை எடுத்துக்கொண்டு, ஜுஸ்தீன் தாமாக ஏதாவது செய்யும் வரிகளை அடிக்கோடிட்டுப் பார்த்தேன். தளபதி கடிதம் எழுதுகிறார், கணவர் தலைமறைவாகிறார், காவலர்கள் வண்டியை நிறுத்துகிறார்கள், மடத்துக் கதவு சாத்தப்படுகிறது. ஜுஸ்தீன் அழுகிறார், காத்திருக்கிறார், மறுபடி அழுகிறார். பன்னிரண்டு பக்கத்தில் அவர் ஒரு பாட்டுப் பாடவில்லை, ஓர் அடி ஆடவில்லை, ஒரு வரி எழுதவில்லை. அந்தக் காலப் பாரிஸ் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனது இதையெல்லாம் பார்க்கத்தான்.

தளபதியின் கதையை முழுதாக விடச் சொல்லவில்லை. அது நடந்தது; கொடுமையாகவே நடந்தது. அதற்கு உரிய அளவு எவ்வளவு என்பதுதான் கேள்வி. நிகழ்ச்சிகளை ஒருமுறை வரிசையாக வைத்துப் பார்ப்போம்.

1727இல் அவிஞோனில் பிறந்தவர். தந்தையும் தாயும் இசைக்கலைஞர்கள். தந்தை பின்னாளில் லொரேன் பகுதியில், போலந்தின் முன்னாள் அரசர் ஸ்டானிஸ்லாஸின் அவையில் வேலை பார்த்தார். மகள் அங்கே ஆட்டமும் பாட்டும் வாத்தியமும் கற்றுக்கொண்டு பாரிஸுக்கு வந்தார். 1745இல் சந்தைத்திடல் அரங்கில் ‘செல்வி ஷான்தியி’ என்ற மேடைப் பெயரில் அறிமுகம். அங்கே நாடகம் எழுதி நடத்திக்கொண்டிருந்தவர், மிட்டாய்க்கடைக்காரர் மகன் ஷார்ல் சிமோன் ஃபவார். ஜுஸ்தீனைவிடப் பதினேழு வயது மூத்தவர். அந்த ஆண்டே பெரிய அரங்கங்கள் பொறாமையில் வழக்காடி பேச்சும் பாட்டும் கலந்து நாடகம் போட்ட அவர்களுடைய ஒபேரா கொமிக் குழுவை மூடவைத்தன. பேச்சும் பாட்டும் கூடாதென்றால் பேசாமலே ஆடிக்காட்டுகிறோம் என்று ஒரு மூகநாடகம் போட்டார்கள். ஜுஸ்தீன் அதிலும் நடித்தார். ஆண்டு முடிவதற்குள் இருவருக்கும் திருமணம்.

பிழைப்புக்கு வழியில்லாத நேரத்தில்தான் தளபதி சாக்ஸின் அழைப்பு வந்தது. ஃபிளாண்டர்ஸில் முகாமிட்டிருந்த பிரெஞ்சுப் படைக்கு நாடகக் குழு வேண்டும் என்றார். போர் திட்டத்திலேயே நாடகத்துக்கும் இடம் வைத்திருந்த மனிதர் அவர். சிப்பாய்களின் மனம் தளரக் கூடாது என்பது கணக்கு. 1746 அக்டோபரில் ரோக்கூர் போருக்கு முந்தின மாலை ஜுஸ்தீன் மேடைக்கு வந்து, நாளை போர் இருப்பதால் ஆட்டம் இல்லை, நாளை மறுநாள் ‘கிராமத்துச் சேவல்’ என்று பாட்டாகவே அறிவித்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. வெற்றி நிச்சயம் என்பதைத் தளபதி சிப்பாய்களுக்குச் சொன்ன விதம் அது. (பிரான்ஸும் இங்கிலாந்தும் மோதிய அந்தப் பெரும்போரின் இன்னொரு முனை நம் கடற்கரையில் இருந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். இதை நாடகத்தில் சேர்க்க வேண்டாம். நீங்கள் சேர்க்க நினைப்பீர்கள் என்று தெரியும்.)

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்ததே. தளபதியின் கண் ஜுஸ்தீன் மேல் விழுந்தது. ஜுஸ்தீன் முகாமிலிருந்து தப்பினார். கணவரைப் பிடிக்க ஆணை பிறந்தது. அவர் ஸ்ட்ராஸ்பூர்க் பக்கம் ஒரு பாதிரியாரின் நிலவறையில் ஒளிந்துகொண்டு, விளக்கு வெளிச்சத்தில் விசிறிகளுக்கு ஓவியம் தீட்டிப் பிழைத்தார். 1749இல் ஜுஸ்தீனையும் பிடித்தார்கள். அரச முத்திரையிட்ட ஒரு கடிதம் போதும், விசாரணை கிடையாது. முதலில் லெஸாந்தெலி ஊரில் ஒரு கன்னியர் மடம், பிறகு ஆன்ழேயில் இன்னொன்று. 1750 நவம்பர் 30 அன்று ஷாம்போர் மாளிகையில் தளபதி இறந்த பிறகே தம்பதி நிம்மதியாக மூச்சுவிட முடிந்தது.

கடைசியில் அவர் தளபதிக்கு இணங்கினாரா, இல்லையா என்று உங்கள் பிரதி மூன்று பக்கம் ஆராய்கிறது. அந்த மூன்று பக்கத்தையும் வெட்டுங்கள். பூட்டின் சாவி ஒருவர் கையில் இருக்கும்போது, உள்ளே இருப்பவர் இணங்கினாரா என்று கேட்பதே அநாகரிகம். அவையில் இருப்பவர்கள் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள் என்றால், அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்றாமல் இருப்பதும் உங்கள் வேலைதான். 1878இல் இசையமைப்பாளர் ஓஃபென்பாக் இவர் பெயரிலேயே ஒரு கலகல ஓபரா போட்டார். விரட்டுகிறவன் அதில் வழிகிற கிழட்டுப் பிரபு. எல்லாம் மாறுவேடமும் சிரிப்பும். அதுவும் எனக்கு உவப்பில்லை. ஆனால் அதில் ஜுஸ்தீன் நொடிக்கு நொடி வேடம் மாற்றி எதிரிகளை முட்டாளாக்குகிறார். அந்த மட்டில் உங்கள் பிரதியைவிட அது அவருக்கு நெருக்கமாக இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மடத்துப் பகுதிக்கு ஆறு நிமிடம் கொடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். வெளியே வந்தபோது அவருக்கு இருபத்துமூன்று வயது. வேலைக்காலம் இருபது ஆண்டுக்கு மேல் மீதம் இருந்தது. அந்த இருபது ஆண்டுகளை நீங்கள் ‘அதன் பின் பல வெற்றிகளைக் கண்டார்’ என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள்!

இனி முதல் கேள்வி. எழுத்தாளரா?

முதலில் அச்சில் இருப்பதைப் பாருங்கள். 1753இல் வந்த ‘பஸ்தியான், பஸ்தியென் காதல்’ நூலின் முகப்பில் ‘திருமதி ஃபவார், திரு. ஆர்னி’ என்று இரு பெயர்கள். 1762இன் ‘ஆன்னெத்தும் லூபேனும்’ முகப்பில் ஆசிரியர் திருமதி ஃபவார். 1763 முதல் வெளிவந்த கணவரின் நாடகத் தொகுப்பில் ஐந்தாம் தொகுதி மனைவியின் நாடகங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. நடிகையை ஆசிரியர் என்று முகப்பில் போடுவது விற்பனைக்கு உதவியிருக்கலாம், கேலிக்கும் வழிவிட்டது. வுவாஸ்னோன் என்ற பாதிரியார், பின்னாளில் பிரெஞ்சு அகாதெமி உறுப்பினர், அந்த வீட்டின் நெருங்கிய நண்பர். அந்த வீட்டிலிருந்து நல்ல வரி எது வந்தாலும் அவருடையது என்று ஊர் பேசியது. கணவர் மறுத்தார். அந்த மறுப்பையும் ஊர் நம்பவில்லை.

ஆனால் ‘தனியாக எழுதினாரா’ என்று கேட்பதற்கு முன், அந்த எழுத்து எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நம் பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ‘இன்ன பாட்டு மெட்டு’ என்று அச்சிட்டிருப்பார்களே, வோதெவில் என்பது அதேதான். ஊரே அறிந்த மெட்டை எடுத்துப் புதுச்சொல் கட்டுவது. சொல்லப்போனால், சந்தைத்திடல் நாடகத்துக்கு அது வாழ்வு கொடுத்த வித்தை. 1710களில் அங்கே நடிகர்கள் மேடையில் பாடக் கூடாது என்று தடை வந்தபோது, பாட்டை அட்டையில் எழுதி மேலிருந்து இறக்கினார்கள். வாத்தியக்காரர்கள் மெட்டை வாசிக்க, அவையே எழுந்து பாடியது. மெட்டு எல்லோருக்கும் தெரியும் என்பதால் நடந்த காரியம்.

அந்த முறையில் எழுதுகிறவருக்குக் கவிதை மட்டும் போதாது. நூற்றுக்கணக்கான மெட்டுகள் தொண்டையில் இருக்க வேண்டும். எந்த மெட்டைக் கேட்டால் அவைக்கு எந்தப் பழைய வரி நினைவுக்கு வரும், அந்த நினைவின் மேல் புதிய வரியை வைத்தால் எங்கே சிரிப்பு வெடிக்கும் என்று தெரிய வேண்டும். தாலாட்டு மெட்டில் வசை வைத்தால் வரும் சிரிப்பு வேறு. கல்யாணப் பாட்டு மெட்டில் பிரிவை வைத்தால் வரும் அமைதி வேறு. மேடையில் நின்று அந்தச் சிரிப்பையும் அமைதியையும் தினமும் நேரில் வாங்கியவர் யார்? மேசையில் உட்கார்ந்திருந்த பாதிரியாரா?

கணவர் திருத்தியிருப்பார், ஆர்னி எழுதியிருப்பார், நண்பர் ஒரு வரி கொடுத்திருப்பார். அந்தக் காலத்து ஒபேரா கொமிக்கில் முக்கால்வாசி அப்படித்தான் பிறந்தது. ஆண்கள் நான்கு பேர் சேர்ந்து எழுதினால் ‘கூட்டுப் படைப்பு’ என்பார்கள். நடுவில் ஒரு பெண் பெயர் வந்தால் ‘உண்மையில் யார் எழுதியது’ என்பார்கள். முப்பது ஆண்டாக நாடகம் இயக்குகிறேன். இந்த இரண்டாவது கேள்வி என் காதில் விழுந்த தடவைகளுக்குக் கணக்கில்லை. எழுத்தாளர் என்றே மேடையில் சொல்லுங்கள். கூட எழுதியவர்களின் பெயரையும் சொல்லுங்கள். இரண்டும் உண்மை.

இந்த இடத்தில்தான் உங்கள் நாடகத்தின் நடுத்தூண் இருக்கிறது: 1753, பஸ்தியென்.

முந்தின ஆண்டு தத்துவஞானி ரூசோ ‘கிராமத்துக் குறிசொல்லி’ என்ற சிற்றோபராவை அரசர் முன் அரங்கேற்றியிருந்தார். இடைச்சி ஒருத்தி, அவளை விட்டு விலகிய காதலன், சேர்த்துவைக்கும் குறிசொல்லி. எளிமை, இயற்கை என்று ஊரே மெச்சியது. ஆனால் அந்தக் கிராமத்தார் பேசியது அரண்மனைப் பிரெஞ்சு. ஜுஸ்தீனும் ஆர்னியும் அதே கதையை எடுத்து, மண்ணில் நடக்கிறவர்களின் பேச்சில் வைத்தார்கள். பெயர்களை மாற்றினார்கள், மெட்டுகளை ஊர்ப்பாட்டிலிருந்து எடுத்தார்கள். பகடி என்றுதான் பெயர். என் பார்வையில் அது ரூசோவுக்கு எழுதிய பதில்: எளிமை என்றீர்களே, இதோ எளிமை.

பதிலின் பெரும்பகுதி சொல்லில் இல்லை, உடையில் இருந்தது. அதுவரை மேடையில் குடியானவப் பெண்ணாக வருகிறவர், இருபுறமும் விரிந்த கூடைப் பாவாடையும், தலை நிறைய வைரமும், முழங்கைவரை கையுறையுமாக வந்து ஆடு மேய்ப்பார். யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை. ஜுஸ்தீன் கிராமத்துப் பெண்கள் உடுத்தும் கம்பளி ஆடையை உடுத்தினார். தலைமுடியைப் படிய வாரினார். கழுத்தில் சின்னப் பொற்சிலுவை ஒன்று, கைகள் வெறுமை, காலில் மரச்செருப்பு. அவை முகம் சுளித்தது. அந்த வுவாஸ்னோன்தான், ‘இந்த மரச்செருப்பு நம் நடிகர்களுக்கு நல்ல செருப்பு வாங்கித் தரும்’ என்றாராம். அப்படியே ஆயிற்று, வசூல் குவிந்தது. பெரிய அரங்கில் நடிகை க்ளேரோன் கூடைப் பாவாடையைத் துறந்தது 1755இல். சோக நாடகத்தின் ராணி இரண்டு ஆண்டு பிந்தித்தான் வந்தார்.

கார்ல் வான்லோ அந்தக் கோலத்தில் ஜுஸ்தீனை வரைந்தார். அதைப் பார்த்து தோலே செதுக்கிய அச்சுப்படம் 1754இல் வந்தது. அந்தப் படத்தைப் பெரிதாக்கி உங்கள் ஒத்திகை அறைச் சுவரில் ஒட்டுங்கள். முகத்தை அல்ல, கால்களைப் பாருங்கள்.

இந்தச் சின்ன நாடகம் போன தூரமும் கொஞ்சமல்ல. வியன்னாவில் அதை ஜெர்மனில் ஆக்கினார்கள்; 1768இல் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் அதற்கு இசையமைத்தான். பெயர் மொசார்ட். இன்றும் ‘பஸ்தியான், பஸ்தியென்’ அரங்கேறும்போது நிகழ்ச்சிக் குறிப்பில் ரூசோவின் பெயர் தடித்த எழுத்தில் இருக்கும்; திருமதி ஃபவார் பெயருக்குச் சில நேரம் அடிக்குறிப்பு கிடைக்கும். உங்கள் நாடகத்துக்கு ஒரு கோபம் வேண்டுமென்றால் தளபதியைவிட இது நல்ல கோபம்.

‘ஆன்னெத்தும் லூபேனும்’ பற்றி ஒரு வார்த்தை. மர்மொந்தெல் எழுதிய கதையைத் தழுவியது, லூர்தே த சாந்தேர் என்பவருடன் சேர்ந்து எழுதியது. ஏழைக் காதலர் இருவர். பெண்ணின் மேல் ஊர்ப் பிரபுவின் கண். கடைசியில் அந்தப் பிரபு மனமிரங்கிக் காதலர்களைச் சேர்த்துவைக்கிறான். எழுதியவர் வாழ்வில் நடந்ததைத் தெரிந்துகொண்டு இதைப் படித்தால் நெஞ்சு ஒரு கணம் நிற்கும். எழுத்தில் வாழ்க்கையைத் தேடாதே என்று மாணவர்களுக்குச் சொல்கிறவன் நான். இங்கே நானே மீறுகிறேன். ஆனால் மேடையில் விளக்கம் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பிரபு மனமிரங்கும் காட்சியை ஜுஸ்தீன் எழுதிக்கொண்டிருப்பதாக மட்டும் காட்டுங்கள். மடத்துக்கு ஒதுக்கிய ஆறு நிமிடம் அதற்கு முன்னால் வந்துவிட்டால் போதும், அவையே சேர்த்துக்கொள்ளும்.

தொடக்கத்துக்கு ஒரு யோசனை. நீங்கள் அவிஞோனில் பிறப்பிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். தொட்டிலிலிருந்து தொடங்கும் நாடகத்தில் அவை முதல் பத்து நிமிடம் இருமும். கணவர் தரப்பு நினைவுக் குறிப்புகளில் ஒரு சம்பவம் உண்டு. 1686 முதல் 1759 வரை பிரான்ஸில் நம் பக்கத்துச் சீட்டித் துணிக்குத் தடை. உள்ளூர் நெசவாளர்களைக் காப்பாற்றவென்று போட்டது. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய துணிக்குக்கூட அங்கே ‘பாரசீகம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அப்படியொரு தடைப்பட்ட துணியில் கவுன் உடுத்திக்கொண்டு ஜுஸ்தீன் பாரிஸ் சுங்கச் சாவடியில் மாட்டிக்கொண்டார். அந்த நொடியே பாதி பிரெஞ்சு, பாதி ஜெர்மன் கலந்த ஒரு கொச்சையில் பொரிந்து தள்ளினார்: நான் அந்நிய நாட்டுக்காரி, எங்கள் ஊர் வழக்கப்படி உடுத்தியிருக்கிறேன், இது என்ன அக்கிரமம்! காவலர்கள் நம்பி வழிவிட்டார்கள். எந்த வட்டாரப் பேச்சைப் பேசினாலும் அந்த வட்டாரத்தார் இவரைத் தங்கள் ஊர்ப்பெண் என்றே நினைப்பார்களாம்.

இங்கே தொடங்குங்கள். பிடிபட்ட ஒரு பெண், தப்பிக்க அவரிடம் இருக்கும் ஒரே கருவி நடிப்பு. அந்த முறை தப்பித்தார். அடுத்த முறை கைது என்று வந்தபோது எந்த நடிப்பும் உதவவில்லை. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்தாலே தளபதியின் கொடுமை எவ்வளவு என்று தெரிந்துவிடும். அவர் மேடைக்கு வரக்கூட வேண்டாம்.

முடிவு. 1761இல் ‘மூன்று சுல்தானாக்கள்’ நாடகத்துக்காக கான்ஸ்டான்டிநோபிளில் தைத்து வரவழைத்த உடையில் ரொக்ஸெலான் என்ற பாத்திரமாக வந்ததை முடிவாக வைக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ணுக்கு அழகு, ஆனால் அந்த நாடகம் கணவர் எழுதியது. மாற்று முடிவாக மரணப்படுக்கையைச் சொல்கிறீர்கள். 1772 ஏப்ரல் 21, நாற்பத்துநான்கு வயது. வலிக்கு நடுவில் தம் கல்லறை வாசகத்தைத் தாமே எழுதி மெட்டும் போட்டார் என்று கணவர் தரப்புக் குறிப்பு சொல்கிறது. எந்த நாடகாசிரியருக்கும் கை துறுதுறுக்கும் இடம் அது. இருந்தாலும் விட்டுவிடுங்கள். அழகாகச் செத்த பெண் கலைஞர்கள் மேடையில் போதுமான அளவு இருக்கிறார்கள். பாரிஸில் இன்றும் ஒபேரா கொமிக் அரங்கத்துக்கு ‘ஃபவார் அரங்கம்’ என்றே பெயர். கணவரை எண்ணி வைத்தது. அதைப் பின்குரலாகச் சொல்லி முடிக்கலாமா என்ற யோசனையும் வேண்டாம். அது தகவல் பலகை.

‘பஸ்தியென்’ முதல் ஆட்டத்துக்கு முந்தின நிமிடத்தில் முடியுங்கள். 1753, அந்த நாடகத்தை அவர் நடித்த இத்தாலியக் குழுவின் அரங்கு, பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால். கையுறையைக் கழற்றுகிறார். தலையிலிருந்த வைரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் வைக்கிறார். முடியைப் படிய வாருகிறார். முதல் பாட்டின் மெட்டை முணுமுணுக்கிறார். ஒரு சொல் தொண்டையில் சிக்குகிறது, அங்கேயே அதை மாற்றுகிறார். எழுத்தாளரா என்ற உங்கள் முதல் கேள்விக்கு அந்த ஒரு சொல் போதும். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு அவையை நோக்கி நடக்கிறார். விளக்கை அணைத்துவிடுங்கள், நடை மட்டும் கேட்கட்டும்.

அந்தச் செருப்பைப் பற்றி உங்கள் ஒப்பனைக்காரரிடம் முன்கூட்டியே பேசுங்கள். மரச்செருப்பு என்றதும் கட்டைவிரலிடுக்கில் குமிழ் வைத்த நம் பாதக்குறட்டைக் கொண்டுவந்து தந்துவிடுவார். இது வேறு; ஒரே மரத்தில் குடைந்து, படகு போலக் காலை மூடுவது. புதுச்சேரிப் பக்கத்துத் தச்சர் யாரிடமாவது படத்தைக் காட்டினால் செய்து தருவார். உள்ளே துணி திணித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் மேல்பாதம் உரிந்துவிடும். முதல் ஒத்திகையிலிருந்தே போட்டுப் பழகுங்கள். அதைப் போட்டுக்கொண்டு மெல்ல நடக்க முடியாது, ஒயிலாகத் திரும்ப முடியாது, பலகை மேடையில் ஒவ்வோர் அடியும் கடைசி வரிசைக்குக் கேட்கும். உங்கள் வசனம் பாதி தானாகவே மாறிவிடும். மாறிய பிரதியை அனுப்புங்கள், படிக்கிறேன்.